ஹாவென்ஸ்டைன் ஷூ மியூசியம், பிர்மாசென்ஸ் ஊர்: நம்ம லைன் ஆட்கள் போய்ப் பார்க்கலாமா?

பிள்ளை ஜெர்மனியில் படிக்கிறான், மருமகள் அங்கே வேலையில் இருக்கிறாள் என்று நம் பக்கத்திலிருந்தும் இப்போது விசா எடுத்துப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். போனவர்கள் எல்லாரும் கொலோன் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, பெர்லின் சுவருக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தப்பில்லை. ஆனால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, பத்தலபல்லி மலைப்பாதை ஏறி ஆந்திராவுக்குள் போனால் வி.கோட்டா, பலமநேர் என்று ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையில் ஓடுகிற வீடுகளிலிருந்து போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறே இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், பெரிய காட்டின் ஓரமாக பிர்மாசென்ஸ் என்று ஒரு ஊர். ஜெர்மனியில் ஷூ தொழில் என்றாலே ஒரு காலத்தில் இந்த ஊர்தான். அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் ஹாவென்ஸ்டைன், அங்கே ஷூவுக்கென்றே ஒரு மியூசியம். நான் ஸ்டிச்சிங்கில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக வேலையை விட்டவள், அதனால் டூரிஸ்ட் கண்ணோடு எழுத எனக்கு வராது. மியூசியத்துக்கு 5க்கு நாலரை. ஊருக்கு 3, அதுவும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தது.

பிர்மாசென்ஸ் என்கிற பேர் நம் எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஆட்களுக்குப் புதிதில்லை. ஷூவையும் தோலையும் சோதித்துப் பார்க்கிற பெரிய ஆய்வு நிலையம் ஒன்று அந்த ஊரில்தான் இருக்கிறது. டெஸ்ட் ரிப்போர்ட் என்றால் நமக்கு என்ன பயம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போட்டுக்கொண்டிருந்த பிசிபி (பென்டாகுளோரோபீனால்) மருந்தை 1989 கடைசியில் ஜெர்மனி தடை செய்தது, அப்போது நம் டேனரிகள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்புறம் 1994ல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. 2015 மே முதல் ஐரோப்பா முழுக்க, உடம்பில் படுகிற தோலில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அங்கே ஒரு சட்டம் போட்டால் இங்கே பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற டிரம் நின்றுவிடும், அவ்வளவு நெருக்கமான உறவு. அப்படி நம்மைப் பயமுறுத்திய ஊர் எப்படித்தான் இருக்கும் என்கிற ஆசையிலேயே பாதி நான் கிளம்பினேன்.

ஊர் ஷூ ஊரானது தனிக் கதை. 18ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லுட்விக் என்கிற சிற்றரசருக்கு ராணுவப் பைத்தியம். குக்கிராமமாக இருந்த இடத்தில் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கி, உயரமான ஆட்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, தினமும் கவாத்து பழக்கி, தானே உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் மார்ச் இசை வேறு எழுதியிருக்கிறார். 1763ல் கிராமத்துக்கு நகர உரிமையும் கொடுத்தார். 1790ல் அவர் கண்ணை மூடினதும் பட்டாளம் கலைந்தது. சிப்பாய்களும் குடும்பங்களும் அந்தக் குன்றின் மேல், சரியான விவசாயமும் இல்லாமல், கையில் காசும் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். வேறே வழி? பழைய யூனிபார்ம் துணியையும் துண்டுத் தோலையும் வெட்டி வீட்டுக்குள் போடுகிற செருப்பு தைத்தார்கள். தைத்ததை முதுகில் மூட்டை கட்டி ஊர் ஊராக நடந்து விற்றது பெண்கள். ஷூ தலைநகரம் என்கிற பட்டமெல்லாம் அந்த மூட்டையிலிருந்துதான் வந்தது. ஆண்கள் தைத்தார்கள் என்பதைச் சொல்லி முடித்துவிட்டு இந்த நடையை ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சரக்கு விற்றால்தானே அடுத்த ஜோடிக்குத் தோல் வாங்க முடியும்?

சரி, ஊர். அரண்மனைத் திடல் என்று பேர், அரண்மனையைத் தேடாதீர்கள், அது போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அகலமான படிக்கட்டும் தண்ணீர் வழிகிற அமைப்புமாக அந்த இடம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய நகராட்சிக் கட்டடத்தையும் பார்க்கலாம். ஆனால் 1945 மார்ச்சில் விழுந்த குண்டில் ஊரில் பெரும்பகுதி போய்விட்டதால், நாம் காலண்டரில் பார்க்கிற மாதிரி மரச்சட்டம் வைத்த ஜெர்மன் வீடுகள் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. போருக்குப் பிறகு அவசரமாகக் கட்டின வீடுகள், காலிக் கடைகள், ஷட்டர் இறங்கின ஜன்னல்கள் நிறைய. ரோமாபுரி மாதிரி ஏழு குன்றில் இருக்கிற ஊர் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், அந்த ஏழையும் ஏறி இறங்கப்போவது நம் முட்டிதான்.

ஊருக்குள் நான் நின்று பார்த்தது ரைன்பெர்கர் கட்டடம். 1882ல் ஆரம்பித்த ஷூ கம்பெனி, ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று. மாடி மேல் மாடியாக, வரிசை வரிசையாக ஜன்னல். வெளியே இருந்து பார்த்தாலே உள்ளே எந்த செக்ஷன் எங்கே இருந்திருக்கும் என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது, தையலுக்கும் கட்டிங்குக்கும் பகல் வெளிச்சம் வேண்டும், தோலில் இருக்கிற தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் டியூப்லைட்டில் தெரியாது, அதனால்தான் இவ்வளவு ஜன்னல். இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். உள்ளே 2008 முதல் டைனாமிகும் என்று ஒரு அறிவியல் மையம் நடக்கிறது. பிள்ளைகள் தொட்டு, இழுத்து, ஓடிப் பார்க்கிற மாதிரி எல்லாம் வைத்திருக்கிறார்கள். பேரன் பேத்தியோடு போனால் அரை நாள் நன்றாகப் போகும். ஷூவைத் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே பெரிசாக வேலையில்லை, கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொன்று, கவிதை கிவிதை படிக்கிறவர்களுக்காக: 1916ல் சூரிச் நகரத்தில் டாடா என்கிற கலகக் கலை இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் முக்கியமான ஹ்யூகோ பால் 1886ல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா ஷூ விற்பனையாளர், பையனையும் முதலில் தோல் வியாபாரத்தில்தான் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அர்த்தமே இல்லாத சத்தங்களை வைத்துக் கவிதை பாடினவர். கட்டிங் ஹாலில் ஒரு ஷிப்டு நின்றவர்களுக்கு அது எங்கேயிருந்து வந்திருக்கும் என்று ஆச்சரியமாக இருக்காது என்று என் மகனிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

இப்போது மியூசியத்துக்கு வருகிறேன், அதற்காகத்தானே இவ்வளவும். ஹாவென்ஸ்டைன் காட்டுக்குள் இருக்கிற சின்ன ஊர், சிவப்புப் பாறையும் பைன் மரமுமாக. இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை ஷூ கம்பெனிகளா என்று தோன்றும், ஆனால் பிர்மாசென்ஸைச் சுற்றியிருந்த கிராமங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தன. ஊரில் முதலில் ஒருவர் போடுவார், அவரிடம் வேலை பழகினவர் பிரிந்து போய் இன்னொன்று போடுவார், அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் மட்டும் தைத்துக் கொடுக்கிறவர் ஒருவர், ஹீல் மட்டும் செய்கிறவர் ஒருவர், அட்டைப்பெட்டிக்காரர் ஒருவர் என்று ஒரு தொழிலைச் சுற்றி பத்துத் தொழில் முளைக்கும். பேரணாம்பட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மியூசியம் இருப்பதே ஒரு பழைய ஷூ ஃபேக்டரிக் கட்டடத்தில்தான், 1996ல் திறந்திருக்கிறார்கள். இதுதான் இதன் பெரிய பலம். கண்ணாடிப் பெட்டிக்குள் ராணி போட்ட செருப்பு, ராஜா போட்ட பூட்ஸ் என்று வைத்து முடிக்கவில்லை. மாடி மாடியாகக் காலத்தைப் பிரித்து, கைத்தொழிலாக இருந்த நாளிலிருந்து மெஷின் வந்த நாள், போர்க்காலம், போருக்குப் பிறகு என்று கொண்டுபோகிறார்கள். மெஷின்கள் நிறைய, கனமான இரும்பு, பெல்ட் ஓடின சக்கரங்கள். நான் போன உடனே கவனித்தது வாசனைதான், தோலும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை. ஜெர்மனியில் வந்து இறங்கினதிலிருந்து எனக்குப் பழக்கமான ஒன்று மூக்கில் பட்டது அங்கேதான்.

கட்டிங் பக்கத்தில் இருந்த பழைய கிளிக்கிங் பிரஸ்ஸை, அதாவது தோல் வெட்டுகிற மெஷினைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் பக்கம் பழைய கம்பெனிகளில் ஓடுகிற பிரஸ்களில் பிர்மாசென்ஸ் தயாரிப்பு உண்டு. அந்த ஊர் ஷூ மட்டும் செய்யவில்லை, ஷூ செய்கிற மெஷினையும் செய்து உலகத்துக்கு விற்றது. கடைசியில் அதுவே அவர்களுக்குப் போட்டியாகவும் போனது என்பது வேறே விஷயம். அதே மாதிரி தையல் மெஷினில் பாஃப் கம்பெனி. போஸ்ட் மெஷினில் உட்கார்ந்த எந்தப் பெண்ணிடமும் பாஃப் என்று சொல்லிப்பாருங்கள், பழைய முதலாளி பேரைக் கேட்ட மாதிரி முகம் மாறும். அந்த பாஃப் வந்த ஊர் கைசர்ஸ்லௌட்டர்ன், இங்கிருந்து ரயிலில் பக்கம்தான். கேயோர்க் மிகாயேல் பாஃப் பித்தளை ஊதுகருவி செய்துகொண்டிருந்தவர், 1862ல் முதல் தையல் மெஷினைச் செய்தபோது அதைச் செய்ததே தோல் தைக்கத்தான், அதாவது ஷூவுக்குத்தான். என் மகன் படிக்கிற ஊரும் அதுதான், பழைய பாஃப் ஃபேக்டரி இருந்த பெரிய இடத்தில் இப்போது புதுக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு நாளாக அவனுக்கு அந்த இடம் என்னவென்றே தெரியாது.

லாஸ்டிங்கை, அதாவது அப்பரைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்துப் பொருத்துகிற வேலையை, கையால் செய்து காட்டினார் ஒரு பெரியவர், முன்னே ஷூ கம்பெனியில் இருந்தவராம். இதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். லாஸ்ட் என்கிற அந்த மரக்கட்டையைத் தொடையில் கவிழ்த்து வைத்து, இன்சோல் என்கிற உள் அடியைப் பொருத்தி, அப்பரை மேலே போட்டு, ஒரு பக்கம் சுத்தித் தலை மாதிரி புடைப்பு உள்ள இடுக்கியால் தோலின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார். இழுத்த இழுப்பு விடாமல் அதே இடுக்கியின் புடைப்பால் ஆணியைத் தட்டுகிறார். ஆணி அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது. நடு மூக்கில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின்னால் குதியில் ஒன்று. அப்புறம்தான் கஷ்டமான இடம், டோ வளைவு, அதாவது ஷூவின் முன் முனை. அங்கே தோல் மிச்சமாகிவிடும், அதைச் சின்னச் சின்ன மடிப்பாக, விசிறி மாதிரி பரப்பிச் சமமாகப் பிரிக்க வேண்டும், ஒரு மடிப்பு தடித்தால் மேலே சுருக்கம் தெரியும், ரிஜெக்ட். அவர் கட்டைவிரல் அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகிற மாதிரி நகர்ந்தது.

இந்த ஒரு வேலைதான் ரொம்ப நாள் மெஷினுக்கு அடங்காமல் இருந்தது. ஷூவின் அடிப்பாகத்தை (சோல்) தைக்கிற மெஷினுக்கு அமெரிக்காவில் லைமன் பிளேக் 1858லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், அப்பர் தைக்கிற மெஷினும் வந்துவிட்டது, ஆனால் லாஸ்டிங் மட்டும் கைதான். கைத்திறமை உள்ள லாஸ்டர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 ஜோடி போடுவார், அதனால் கம்பெனியில் அவர் வைத்ததுதான் சட்டம். அதை உடைத்தவர் யான் மாட்ஸெலிகர், தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் ஷூ கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளி. 1883ல் அவர் காப்புரிமை வாங்கின மெஷின் இழுத்து, மடித்து, ஆணியும் அடித்தது. ஒரு நாளைக்கு 150 முதல் 700 ஜோடி வரை. சம்பாதிக்கும் முன்னாலேயே, 40 வயதுகூட ஆகாமல் காசநோயில் போய்விட்டார். டோ லாஸ்டிங் மெஷினில் நிற்கிற பையன்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால் உங்கள் மெஷினுக்குத் தாத்தா இவர்தான்.

பெரியவர் நான் பக்கத்தில் சாய்ந்து நின்று பார்த்ததைக் கவனித்திருக்கிறார். என்னவோ கேட்டார்.

"அம்மா, நீ ஷூ வேலை பார்த்தவளான்னு கேக்கறாரு."

"ஆமான்னு சொல்லுடா. அப்பர் தைக்கிற லைனுன்னு சொல்லு. இந்த டோவுல மடிப்புக்கு முன்னாடி தோலை ஈரம் பண்ணாங்களான்னு கேளு."

அதைக் கேட்டதும் அந்த மனுஷன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. ஈரம் பண்ணினார்களாம். அதற்கப்புறம் எங்கள் கூட வந்த மற்றவர்களை மறந்துவிட்டு எங்களுக்கே காட்ட ஆரம்பித்தார், மகன்தான் பாவம், இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து ஓய்ந்துவிட்டான். பழைய லாஸ்டுகளில் இடது வலது பேதமே இல்லாமல் இரண்டு காலுக்கும் ஒரே கட்டை இருந்த காலத்தையும் அவர்தான் சொன்னார். அளவுக்கு நாம் 37, 38 என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறோமே, அந்த ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் இருக்கிறது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இத்தனை வருஷம் ஒட்டியிருக்கிறேன், கட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

குறை சொல்லாமல் விட்டால் ரிவியூ ஆகாது. நான் பார்த்த வரையில் எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஜெர்மனில்தான், மொழி தெரிந்த ஆள் கூட இல்லாவிட்டால் போனை நீட்டி நீட்டித்தான் படிக்க வேண்டும். பிரபலங்கள் போட்ட ஷூக்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது, கூட்டம் அங்கேதான் நிற்கிறது, எனக்கு அதில் ருசியில்லை, யார் போட்டால் என்ன, தையல் ஒன்றுதானே. எனக்கு இன்னும் வேண்டியிருந்தது வீட்டில் உட்கார்ந்து தைத்த பெண்களைப் பற்றி. இந்தப் பகுதியிலும் கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே அப்பர் தைத்துக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். நம் பக்கம் இன்றைக்கும் மொக்காசின் அப்பரை மூட்டையாக வாங்கிக்கொண்டு போய், திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைத்துக் கொடுக்கிற பெண்கள் எத்தனை பேர். ஊசி ஏறின விரலுக்கு ஈஎஸ்ஐ கிடையாது. இதற்கு ஒரு முழு அறை ஒதுக்கியிருந்தால் நான் 5க்கு 5 கொடுத்திருப்பேன்.

தொழில் எப்படிப் போனது என்பதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. 1970களிலிருந்து இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் சரக்கு விலை குறைவாக வந்து இறங்க, இங்கே ஒவ்வொன்றாக மூடினார்கள். அப்புறம் நாம், அப்புறம் சீனா, வியட்நாம். 1838ல் ஆரம்பித்த பேட்டர் கைசர் மாதிரி பழம்பெரும் கம்பெனிகூட கடைசியில் திவாலைச் சந்தித்தது. அந்த மாடியில் நிற்கும்போது எனக்கு ஒன்று மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது, அவர்கள் ஊரில் வேலை போன கதையில் நாம்தான் அடுத்த அத்தியாயம். அந்த ஊர்ப் பெண்கள் விட்ட ஸ்டூலில்தான் நம் வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தோம். அதற்காக வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. ஆனால் லைன் டார்கெட்டை மணிக்கு இத்தனை என்று போர்டில் எழுதி, குறைந்தால் எல்லார் முன்னாலும் கத்துகிற நம் ஊர்ப் பழக்கம் நினைவுக்கு வந்தது. நான் இருந்த கம்பெனியில் பாத்ரூமுக்குப் போக டோக்கன். விலை குறைவு என்கிறார்களே, அந்தக் குறைவில் எது எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று ஒரு மெஷினின் பக்கத்திலாவது எழுதி வைக்கலாம்.

ஹாவென்ஸ்டைன் ஊரில் ஷூ கடைகள் வரிசையாக இருக்கின்றன, தள்ளுபடி என்று போர்டு போட்டு. உள்ளே போய் நான் செய்த முதல் வேலை டங்கை (ஷூவின் நாக்கை) தூக்கி லேபிள் பார்த்தது. அடுத்தது தையல், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று. விற்கிற பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தியா என்று எழுதியிருந்த ஒரு ஜோடியில் குதிப் பக்கம் பின்தையல் நூல் முனை சுத்தமாக வெட்டப்படாமல் இருந்தது, பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுக்கப் போன கையை மகன் பிடித்துக்கொண்டான். விலை எல்லாம் நமக்குக் கட்டாது, ஆனால் கால் அகலமாக இருக்கிறவர்களுக்கு அங்கே அகல வாரியாகவே சைஸ் கிடைக்கிறது, மூட்டு வலிக்காரர்கள் ஒரு ஜோடி வாங்கினால் நஷ்டமில்லை.

போகிற வழி: கைசர்ஸ்லௌட்டர்னிலிருந்து பிர்மாசென்ஸுக்கு நேராக லோக்கல் ரயில். ஹாவென்ஸ்டைனுக்கு பிர்மாசென்ஸ் நோர்ட் என்கிற ஸ்டேஷனில் மாறி லாண்டாவ் போகிற வண்டியைப் பிடித்து, ஹாவென்ஸ்டைன் மிட்டே என்கிற நிறுத்தத்தில் இறங்குங்கள், மியூசியத்துக்கு நடந்துவிடலாம். பிள்ளைகளிடம் மாத பாஸ் இருக்கும், உங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். வண்டி அடிக்கடி கிடையாது, ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மியூசியம் திறக்கிற நேரம் சீசனுக்குத் தகுந்த மாதிரி மாறலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினை ஓட்டிக் காட்டுவார்களா என்பதையும் முன்னாலேயே கேட்டுவிட்டுப் போங்கள், ஓடாத மெஷினைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அந்தப் பக்கத்தில் டாம்ப்ஃப்நூடெல் என்று ஒன்று கிடைக்கும், ஆவியில் வெந்த பன், அடிப்பக்கம் மட்டும் உப்போடு மொறுமொறுவென்று இருக்கும், உருளைக்கிழங்கு சூப்போடு கேட்டு வாங்குங்கள், கறி சாப்பிடாதவர்களுக்கு அது பரவாயில்லை. வெனிலா சாஸோடும் தருவார்கள், அது எனக்கு இறங்கவில்லை. காரம் இல்லாமல் முடியாது என்றால் கையில் ஒரு பொட்டலம் இட்லிப்பொடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பிர்மாசென்ஸை விட்டுவிட்டு ஹாவென்ஸ்டைன் மட்டும் போங்கள். இரண்டும் பார்க்கிறவர்கள் முதலில் ஊர், அப்புறம் மியூசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், குன்று ஏறுகிற வேலை காலையிலேயே முடிந்துவிடும்.